பத்தேதீக்கா, ஹைடனா: அண்ணன் மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள குட்டிமா,

நீ அனுப்பிய பியானோ போட்டி விதிமுறையைப் படித்தேன். ஹைடன், மோட்சார்ட், பீத்தோவன், கிளெமென்டி இவர்களில் ஒருவருடைய சொனாட்டாவிலிருந்து (பல பகுதிகள் கொண்ட பெரிய படைப்பு) வேகமான ஒரு மூவ்மென்ட், அதாவது ஒரு பகுதி, 8 நிமிடத்துக்குள், ஸ்கோர் (எழுதிய இசைத் தாள்) பார்க்காமல். கூடவே உன் விருப்பப்படி இன்னொரு பீஸ். உன் டீச்சர் பீத்தோவனின் 'பத்தேதீக்' முதல் மூவ்மென்டைச் சொல்கிறார். "எல்லாரும் அதைத்தானே வாசிப்பாங்க அத்தை" என்று நீ முனகுகிறாய். உன் அப்பாவோ, டீச்சர் சொன்னதைச் செய், வம்பு எதற்கு என்கிறார். நான் உன் பக்கம்தான். ஆனால் நீ சொல்லும் காரணத்துக்காக இல்லை.

அதிகம் பேர் வாசிக்காதது என்பதற்கு நடுவர் தாளில் தனிக் கட்டம் கிடையாது. கச்சேரியில் பாடகர் அபூர்வமான ராகம் ஒன்றை எடுத்தால் சபையில் முதல் இரண்டு நிமிடம் ஒரு நிமிர்வு வரும். அதற்கு மேல் ஆளை உட்கார வைக்க வேண்டியது பாட்டுதான், அபூர்வம் இல்லை. அதனால் 'யாரும் வாசிக்காத பீஸ்' என்று தேடாதே. உன் கைக்கும் காதுக்கும் எது சரி என்று தேடு. அப்படித் தேடினாலே பிரபலமான ஏழெட்டு மூவ்மென்டுகளுக்கு வெளியே போய்விடுவாய். ஹைடனிடம் மட்டும் 50-க்கு மேல் சொனாட்டா இருக்கிறது. பீத்தோவனிடம் 32.

கை விஷயத்துக்கு முதலில் வருகிறேன். பத்தேதீக்கில் மெதுவான முன்னுரை முடிந்து வேகம் பிடித்ததும் இடது கை ஆக்டேவ் நடுக்கத்தில் (கீழ் ஸவும் மேல் ஸவும் போல, ஒரே சுரத்தின் இரண்டு நிலைகள்) இறங்கிவிடும். கட்டை விரலும் சுண்டு விரலும் மாறி மாறி, பக்கம் பக்கமாக. உன் கை ஆக்டேவை எட்டும், ஆனால் நீட்டித்தான் எட்டும். நீட்டிய கையை ஆட்டிக்கொண்டே இருந்தால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், முன்கை எரியும், இரண்டாம் பக்கத்திலேயே டெம்போ தள்ளாடும். இரண்டு வருடம் கழித்து இதே பகுதி உனக்குச் சுலபமாக வரலாம். போட்டி மூன்று மாதத்தில் வருகிறது.

அடுத்தது நடுவர்கள். பத்தேதீக்கை அவர்கள் சிறு வயதில் வாசித்திருப்பார்கள், பிறகு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அந்த முன்னுரை எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும் என்பதில் மூன்று பேருக்கு நான்கு கருத்து இருக்கும். நீ உட்கார்ந்த உடனே அந்த ஒப்பீடு ஆரம்பமாகிவிடும். குறைவாகக் கேட்ட பீஸ் என்றால் கொஞ்ச நேரமாவது உன்னைக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் தெரியாத பீஸில் தப்பு நோட் போனால் யாருக்கும் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதே. நன்றாகத் தெரியும்.

நீ யோசித்து வைத்திருக்கும் பட்டியலில் பீத்தோவனின் ஓபஸ் 54 (ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்) இருக்கிறது, எஃப் மேஜர். பாவம் அது. 'வால்ட்ஸ்டைன்' ஓபஸ் 53, 'அப்பாசியோனாட்டா' ஓபஸ் 57. இரண்டு மலைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டதால் யார் கண்ணிலும் படுவதில்லை. அதன் இரண்டாம் மூவ்மென்ட் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் பகுதி வெறும் 20 பார் (தாளக் கட்டம்), அதற்குப் பிறகு வரும் பகுதி அதைப் போலப் பல மடங்கு நீளம். பதினாறில் ஒரு பங்குச் சுரங்கள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், முடிவில் இன்னும் வேகம் கேட்பார். ஆனால் போட்டிக்கு யோசிக்க வேண்டும். பாட்டு மாதிரியான இரண்டாவது தீம் என்று அதில் ஒன்று இல்லாததால், நீ எப்படிப் பாட வைக்கிறாய் என்று காட்ட இடம் குறைவு. விரல் சீராக ஓடுகிறதா என்பதில்தான் எல்லாக் காதும் இருக்கும்.

ஓபஸ் 22-ம் நல்ல தேர்வுதான். பீத்தோவனே அதைப் பற்றிப் பதிப்பாளர் ஹோஃப்மைஸ்டருக்கு எழுதிய கடிதத்தில் பெருமை அடித்துக்கொண்டார். அவர் பெருமைப்பட்டது நியாயம், ஆனால் முதல் மூவ்மென்ட் நீளம். மூன்று மாதத்தில் அது கைக்குள் வந்து மனதுக்குள்ளும் வருமா என்று சந்தேகம்.

கிளெமென்டியை நீ சேர்த்தது எனக்கு ஆச்சரியம், சந்தோஷமும்கூட. சொனாட்டினா எழுதியவர் என்றே அவரை ஒதுக்கிவிடுகிறார்கள். 1781 டிசம்பர் 24 அன்று வியன்னாவில் பேரரசர் இரண்டாம் ஜோசப் முன்னால் மோட்சார்ட்டோடு நேருக்கு நேர் வாசித்தவர் அவர். மோட்சார்ட் பிறகு அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் அவரை வெறும் இயந்திரம் என்கிற மாதிரி மட்டம் தட்டினார், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவருடைய எஃப் ஷார்ப் மைனர் சொனாட்டாவை, ஓபஸ் 25 எண் 5, பியானோ மேதை ஹோரோவிட்ஸ் வாசித்திருக்கிறார். கேட்டால் அந்தப் பழிச்சொல் எவ்வளவு அநியாயம் என்று புரியும். அதன் கடைசி மூவ்மென்டில் இரட்டைச் சுரங்கள், தேர்ட்ஸ், வரிசையாக வரும். நான்காம் ஐந்தாம் விரல் இன்னும் பலப்பட்டதும் எடுத்துக்கொள்.

சரி, என் ஓட்டு எதற்கு? ஹைடனின் பி மைனர் சொனாட்டா, கடைசி மூவ்மென்ட், பிரெஸ்டோ, அதாவது மிக வேகம்.

ஹைடன் என்றால் சிரிப்பு, சேட்டை என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு அடி. எஸ்டர்ஹாசி இளவரசரிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், 1776 வாக்கில் கையெழுத்துப் பிரதிகளாகப் பரவிய ஆறு சொனாட்டாக்களில் இதுவும் ஒன்று. வலது கை ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டி ஆரம்பிக்கும். மூச்சு விடுவதற்குள் இடது கை அதையே பிடித்துக்கொண்டு பின்னால் துரத்தும். பெரும்பாலும் இரண்டே குரல்கள், பல சுரங்களைச் சேர்த்து அடித்து இடத்தை அடைக்கும் கார்ட் (chord) கிடையாது, உன் கையை நீட்டவும் வேண்டாம். நடுவில் திடீரென்று எல்லாம் நின்றுவிடும். அந்த மௌனத்தைப் பயப்படாமல் முழுசாக எண்ணு. பதற்றத்தில் அதைக் கடித்துத் துப்பிவிட்டால் பீஸே போயிற்று. கடைசியிலாவது சோகமான மைனரை விட்டு வெளிச்சமான மேஜருக்குத் திரும்பி ஆறுதல் சொல்வார் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். இரண்டு கையும் ஒரே வரியை ஆக்டேவில் உரக்கச் சொல்லி, பி மைனரிலேயே கதவைச் சாத்திவிடுவார்.

இதில் உனக்கு உள்ள வேலை வேறு மாதிரி. நல்ல பதிப்பில் பலம், மென்மை பற்றிய குறிகள் அநேகமாக இருக்காது. எங்கே ஏற வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய ஸ்கோர்களில் பதிப்பாளர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வளைவுகளும் குறிகளும் சேர்த்திருப்பார்கள். அவற்றை நம்பாதே, ஊர்டெக்ஸ்ட் பதிப்பு, அதாவது இசையமைப்பாளர் எழுதியதை ஒட்டியே அச்சிட்டது, வாங்கு. காசு நான் தருகிறேன், அப்பாவிடம் கேட்காதே.

பிரெஸ்டோ என்றதும் பறக்காதே. பதினாறில் ஒரு பங்குச் சுர ஓட்டம் வரும் இடத்தில் எந்த வேகத்தில் தெளிவாக வாசிக்க முடிகிறதோ, அதுதான் முதல் பாருக்கும் வேகம். பெடலை மறந்துவிடு, குறைந்தபட்சம் முதல் மாதம். திரும்பத் திரும்ப வரும் சுரங்களை உன் வீட்டில் சுவரோரம் நிற்கும் அப்ரைட் பியானோவில் மட்டும் பழகினால் போதாது. படுக்கையாக நீண்டிருக்கும் கிராண்ட் பியானோவில் கீ பாதி எழும்பினாலே மறுபடி அடிக்கலாம், அப்ரைட்டில் அந்த வசதி இல்லை. இரண்டிலும் விரலுக்குக் கிடைக்கும் பதில் வேறு. டீச்சர் வீட்டு கிராண்டில் வாரம் ஒரு முறையாவது கேட்டு வாசி.

மொத்தம் சில நிமிடம்தான் வரும். 8 நிமிட வரம்பில் இது குறைவாகத் தெரிகிறதே என்று பயந்தால் முதல் பாதியின் ரிபீட்டை எடு, இரண்டாவது முறை கொஞ்சம் வேறு மாதிரி வாசி. ரிபீட் அனுமதியா என்று அமைப்பாளர்களிடம் இப்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள். இரண்டாவது பீஸ் நீளமாகப் பாடுகிற மாதிரி இருக்கட்டும். ஷோபானின் ஒரு நாக்டர்ன் (இரவின் அமைதி தோன்றும் பீஸ்) பக்கத்தில் உட்கார்ந்தால் இந்த ஹைடன் இன்னும் கூர்மையாகக் கேட்கும்.

டீச்சரிடம் இதை நீயே போய்ச் சொல். அத்தை சொன்னாள் என்று ஆரம்பிக்காதே, அது சரிவராது. முதல் பக்கத்தைப் பழகிக்கொண்டு போய், வாசித்துக் காட்டிவிட்டு, அப்புறம் கேள். அதற்கு முன் பியானோ கலைஞர்கள் பிரெண்டல் வாசித்ததையும் ஆம்லன் வாசித்ததையும் கேட்டுப் பார். இரண்டு பேரும் இரண்டு ஹைடனைக் காட்டுவார்கள். டீச்சர் நீ வாசித்ததைக் கேட்டுவிட்டும் பத்தேதீக்தான் என்றால், அந்த ஆக்டேவ் பகுதியை நீ வாசிப்பதை அவரே பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

உன் அத்தை

பி.கு.: விண்ணப்பத்தில் எண்ணை எழுதும்போது கவனம். இதே சொனாட்டா, ஹைடனின் படைப்புகளுக்கு ஹோபோக்கன் என்பவர் போட்ட பட்டியலில் XVI:32, லாண்டன் என்பவரின் பதிப்பில் 47. வெறும் '32' என்று எழுதினால் வேறொரு சொனாட்டாவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு எண்ணையும் எழுதி, பி மைனர் என்றும் சேர்த்துவிடு.