மீட்பு வண்டியில் முட்டுக்கட்டையும் ஏறட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விரகனூரில் சுற்றுச்சாலையை ஒட்டி முப்பது வருடமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். போன மாசியில் ஒரு ராத்திரி, நின்றிருந்த லாரியின் பின்னால் ஒரு கார் சொருகிக்கொண்டது. ஓட்டி வந்த பையனின் கால் டேஷ்போர்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. தீயணைப்பு வண்டி வந்தது. (எந்த நிலையத்து வண்டி என்பது வேண்டாம், வந்தவர்கள் மேல் எனக்குக் குறையே இல்லை.) தண்ணீர் இருந்தது, கடப்பாரை இருந்தது, இரும்பை வெட்ட ஒன்றும் இல்லை. "அண்ணே, கேஸ் கட்டர் எடுத்துட்டு வாங்க" என்று என் கதவைத் தட்டினார்கள்.

எடுத்துக்கொண்டுதான் ஓடினேன். ரோடெல்லாம் டீசல். பற்றவைக்கக் கை வரவில்லை. பட்டறையில் கிடந்த ஜாக்கியை இடுக்கில் கொடுத்து ஏற்றி, காலை மெல்ல உருவினோம். முக்கால் மணி நேரம் ஆனது. பையன் ஊன்றுகோலோடு நடக்கிறானாம்.

2011இல் 72 வார்டாக இருந்த மதுரை மாநகராட்சி 100 வார்டானது. அதற்கப்புறமும் ஊர் நிற்கவில்லை. ஆனால் புதுத் தீயணைப்பு வண்டி என்றாலே எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்றுதான் கேட்கிறோம். இரும்பை வெட்டவும் விரிக்கவும் பேட்டரியில் ஓடும் கருவிகளே இப்போது வந்துவிட்டன. பம்பு வேண்டாம், ஹோஸ் வேண்டாம். ஒவ்வொன்றும் இருபது கிலோ பக்கம் வரும். அதை வண்டிக் கூரையில் கட்டிவைக்காமல் இடுப்பு உயரத்தில் இழுப்புத் தட்டில் வைக்க வேண்டும். இருட்டில் ஏறி இறக்கிப் பார்த்தால் தெரியும்.

கருவி வாங்கினால் மட்டும் போதாது. புதுக் கார்களில் கதவுத் தூணுக்குப் போடும் இரும்பு ரொம்பக் கடினம், பழைய கட்டர் கடித்துவிட்டு வழுக்கும். பல கார்களில் கூரை ஓரத்து பிளாஸ்டிக்குக்குள் ஏர்பேக்கின் வாயுக் குப்பி ஒளிந்திருக்கும். பிளாஸ்டிக்கைப் பிய்த்துப் பார்க்காமல் அங்கே கத்தியை வைக்கக் கூடாது. இதெல்லாம் பழைய இரும்புக்குப் போகும் கார்களை வெட்டி வெட்டித்தான் கைக்கு வரும்.

அப்புறம் முட்டு. லாரிப் பட்டறைப் பையனுக்குக்கூடத் தெரியும், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுக்காமல் அடியில் படுக்கக் கூடாது என்று. சாய்ந்த காரும் அப்படித்தான், விரிசல் விட்ட சுவரும் அப்படித்தான். 2020 தீபாவளி சமயத்தில் விளக்குத்தூண் பக்கம் துணிக்கடைத் தீயை அணைக்கப் போன இரண்டு வீரர்கள், பழைய கட்டடம் இடிந்து விழுந்து உயிரை விட்டார்கள். முட்டு இருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல நான் யார்? ஆனாலும் மாசி வீதிகளுக்குள் இடுங்கிய சந்துகளில் நுழைகிற மாதிரி சின்ன வண்டி ஒன்றும், அது நிறைய கட்டையும் ஆப்பும் தாங்குகால்களும் வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

எங்கள் பக்கத்து மரக்கடைக்காரரிடம் பேசிவிட்டேன். முதல் வண்டிக்கு வேண்டிய கட்டைகளைக் கூலி வாங்காமல் அறுத்துத் தருகிறாராம். அளவு மட்டும் சொன்னால் போதும்.

வெல்டிங் பட்டறைக்காரர்,
விரகனூர், மதுரை