டாய்லியின் பின்பக்கத்தையும் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மகளிர் இணைப்பில் ஐந்து வண்ண டாட்டிங் டாய்லியின் (மேஜையில் விரிக்கும் சின்ன லேஸ் விரிப்பின்) செய்முறையைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். தமிழ்ப் பத்திரிகைகளில் குரோஷா வரும், எம்பிராய்டரி வரும்; ஷட்டிலால் நூலில் முடிச்சு முடிச்சாகப் போட்டு லேஸ் பின்னும் டாட்டிங்கைப் பார்ப்பது அபூர்வம். ஆனால் நடுவில் வந்த ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. நூல் தீர்ந்தால் புது நூலை முடிச்சுப் போட்டு, ஒட்ட நறுக்கி, ஒரு சொட்டுப் பசை வைத்துவிட்டுத் தொடரலாம் என்று எழுதியிருந்தீர்கள். புதிதாகக் கற்கும் பெண்கள் இதை அப்படியே நம்பிச் செய்வார்களே என்றுதான் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். 1820-களில் மார்த்தா மால்ட் அம்மையார் கற்றுக்கொடுத்த லேஸ் வேலையால் பெயர் பெற்ற ஊர். அந்த லேஸ், தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய பாபின்களை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்வது. டாட்டிங்குக்கு அவ்வளவு சாமான் வேண்டாம். தறி நாடாவைப் போலவே, விரல் நீளத்தில் ஒரு ஷட்டில் போதும். எனக்குப் பத்து வயதானபோது அத்தை அதை என் கையில் கொடுத்தார். கல்யாணமாகி மும்பை மாட்டுங்காவுக்கு வந்த பிறகு, வேலைக்குப் போன வருடங்களில் லோக்கல் ரயிலின் லேடீஸ் பெட்டியில் உட்கார இடம் கிடைத்த நாளெல்லாம் கையில் ஷட்டில்தான்.

முடிச்சு ஏன் கூடாது என்று சொல்கிறேன். டாட்டிங்கில் இரண்டு அரை முடிச்சு சேர்ந்தால் ஒரு முழு முடிச்சு. அந்த முடிச்சு விரலில் சுற்றிய நூலில் விழ வேண்டும்; ஷட்டில் நூல் அதற்குள்ளே நேராக, வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். அப்படி ஓடினால்தான் கடைசியில் ஷட்டிலை இழுக்கும்போது வளையம் மூடும். ஓடும் நூலில் நீங்கள் ஒரு முடிச்சு போட்டு வைத்திருந்தால் அது உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். வளையம் பாதி திறந்தபடி நின்றுவிடும், வலுவாக இழுத்தால் நூல் அறுந்துவிடும். அதனால் ஷட்டிலில் இரண்டு முழம் நூல் இல்லாவிட்டால் நான் புது வளையம் ஆரம்பிப்பதே இல்லை. மூடிய வளையத்தின் அடியில்தான் பழைய நூலையும் புது நூலையும் கட்டுவேன், இரண்டிலும் ஒரு சாண் வால் விட்டு.

அந்த வாலை ஒட்ட வெட்டக் கூடாது. அடுத்து செயின் (வளையங்களுக்கு நடுவே, உருண்டை நூலால் முடிச்சு போட்டு வரும் வளைவு) போடும்போது ஒரு வாலை ஷட்டில் நூலோடு சேர்த்துப் படுக்கவைத்து, அதன் மேலேயே ஐந்தாறு முடிச்சு போட்டால் உள்ளே மறைந்துவிடும். இன்னொன்றை ஊசியில் கோத்து முந்தைய வளையத்தின் முடிச்சுகளுக்குள் விட வேண்டும். இரண்டையும் ஒரே பக்கம் விட்டால் அந்த இடம் தடித்துப் போகும்.

கடைசிச் சுற்று முடியும் இடத்தில்தான் கஷ்டம், மேலே போட்டு மறைக்க அடுத்த செயின் இருக்காது. அதற்கு அத்தை சொன்ன வழி: கடைசி ஐந்து முடிச்சுக்கு முன்னால் வேறு நிற நூல் ஒன்றை இரண்டாக மடித்து, அந்த மடிப்பு, வேலை முடியப்போகும் பக்கமாக நீட்டியிருக்கும்படி வைத்து, அதன் மேலே முடிச்சுகளைப் போட வேண்டும். வேலை முடிந்ததும் வாலை அந்த மடிப்புக்குள் நுழைத்து, மறுமுனையைப் பிடித்து மெல்ல இழுத்தால் வால் தானாக உள்ளே போய்விடும். மிச்சத்தை ஒருமுறை அலசிக் காயவைத்த பிறகுதான் நறுக்குவேன்.

பசை விஷயம் எனக்குச் சம்மதமே இல்லை. காய்ந்ததும் விறைத்துக்கொண்டு, வெள்ளை நூலில் கறைபோலத் தெரிகிறது.

தங்கை மகள் கல்யாணத்துக்கு நானே இப்படி அவசரத்தில் ஒட்ட நறுக்கி ஒரு டாய்லி கொடுத்தேன். மூன்றாவது சலவையில் மஞ்சள் வளையம் ஒன்று அவிழ்ந்து தொங்கியது. பிள்ளை அதைத் தூக்கிப் போடாமல் தபாலில் எனக்கே அனுப்பினாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை.

முதல்முறை செய்கிறவர்களுக்கு ஐந்து வண்ணம் வேண்டாம். ஷட்டிலில் சிவப்பு, உருண்டையில் வெள்ளை என்று வைத்துக்கொண்டால் வளையமெல்லாம் சிவப்பாகவும் செயினெல்லாம் வெள்ளையாகவும் தானே வரும். நடுவில் வெட்டவே வேண்டாம். அப்புறம், சிவப்பு நூலை முதலில் நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். இங்கே புலேஷ்வர் கடைத்தெருவில் ஆசையாக வாங்கிய ஒரு உருண்டை இப்படிச் சாயம் விட்டது.

அடுத்த முறை டாய்லி படம் போடும்போது தயவுசெய்து அதைத் திருப்பிப் போட்டும் ஒரு படம் எடுத்து வெளியிடுங்கள். நூல் சேர்ந்த இடம் எது என்று வாசகிகள் தேடிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகி,
மாட்டுங்கா, மும்பை