அந்த டாங்கியில் நால்வர் இருந்தார்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். டிசம்பர் 16 வெற்றி நாளையொட்டி, இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்ரபாலைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் நடந்த பசந்தர் சண்டையைக் கட்டுரையாளர் கண்முன் நிறுத்தியிருக்கிறார். ஆனால் அந்த இளைஞர் பிறந்து வளர்ந்த வீட்டைப் பற்றி ‘ராணுவக் குடும்பத்தைச் சேர்ந்தவர்’ என்று ஒரே வரியோடு முடித்துக்கொண்டது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. 21 வயதில் ஒருவர் எரிகிற டாங்கியை விட்டு இறங்க மறுக்கிறார் என்றால், அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கத்தானே வாசகருக்குத் தோன்றும்?

கேத்ரபால் குடும்பத்தின் பூர்வீகம் இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் சர்கோதா. கொள்ளுத்தாத்தா சீக்கியர் படையில் இருந்து, சிலியன்வாலாவில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டவர். தாத்தாவோ அதே ஆங்கிலேயரின் படையில் சேர்ந்து முதல் உலகப் போருக்குப் போனார். தந்தை எம்.எல். கேத்ரபால் ராணுவப் பொறியாளர் பிரிவில் பிரிகேடியர் வரை உயர்ந்தவர். நாடு பிரிந்தபோது குடும்பம் சர்கோதாவை விட்டு இந்தியாவுக்கு வந்துவிட்டது. கொடிகள் மாறின, போருக்குப் போவது மட்டும் தலைமுறை தவறாமல் தொடர்ந்தது.

அருண் 1950 அக்டோபர் 14 அன்று புனேயில் பிறந்தார். சனாவர் லாரன்ஸ் பள்ளியிலும், பிறகு தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்திலும் படித்து, 1971 ஜூன் 13 அன்று பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படைப்பிரிவில் அதிகாரியானார். அகமதுநகரில் பயிற்சியில் இருந்தபோதுதான் போர் மூண்டது. களத்துக்குப் போகும் வழியில் டெல்லியில் வீட்டுக்கு வந்தவர், கோல்ஃப் மட்டைகளையும் விருந்துகளுக்கு அணியும் சீருடையையும் கையோடு எடுத்துக்கொண்டார். லாகூரில் கோல்ஃப் ஆடப்போவதாகவும், வெற்றி விருந்துக்கு அந்த உடை வேண்டும் என்றும் சொன்னாராம். இந்தச் செய்தி தங்கள் கட்டுரையில் இல்லை. அவர் எவ்வளவு சின்னப் பையன் என்பது இதைப் படித்தால்தான் மனதில் உறைக்கிறது.

சண்டையைத் தாங்களே எழுதிவிட்டீர்கள். ‘பாமகுஸ்தா’ என்று பெயரிட்ட செஞ்சூரியன் டாங்கியில் தீப்பிடித்ததும் இறங்கி வரும்படி உத்தரவு வந்தது. பீரங்கி இன்னும் வேலை செய்கிறது, வண்டியை விடமாட்டேன் என்று பதில் சொல்லிவிட்டுச் சுட்டுக்கொண்டே இருந்தார். அதிகாரியாகி ஆறே மாதம். போர்க்கள வீரத்துக்கு நாடு தரும் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா அவர் இறந்த பிறகு வந்தது.

போர் முடிந்து முப்பது ஆண்டுகள் கழித்து நடந்த, தாங்கள் விட்டுவிட்ட நிகழ்வுக்கு இப்போது வருகிறேன். 2001-ல், தமது 81-வது வயதில், பிரிகேடியர் கேத்ரபால் தாம் பிறந்த மண்ணைப் பார்க்கப் பாகிஸ்தான் போனார். லாகூரில் அவரைத் தம் வீட்டில் தங்கவைத்து உபசரித்தவர் பிரிகேடியர் கவாஜா முகமது நாசர். வீட்டார் எல்லோரும் அந்த முதியவரைத் தாங்கித் தாங்கிப் பார்த்துக்கொண்டார்கள். புறப்படுவதற்கு முந்தைய இரவில்தான் நாசர் வாய் திறந்தார். பசந்தரில் எதிர்ப்பக்கம் 13-வது லான்சர்ஸ் டாங்கிகளோடு வந்தவர் அவரே. அருணைச் சுட்டதும் தாமே என்று சொன்னார். அந்தப் பையனின் வீரத்தை மனதாரப் புகழ்ந்தார். பிறகு அனுப்பிவைத்த புகைப்படத்திலும், தமது படையின் வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவே பாறையாக நின்றவர் அருண் என்று எழுதியிருந்தார்.

மகனைக் கொன்றவரின் வீட்டில், அது தெரியாமலே உண்டு உறங்கிய தகப்பனை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. இத்தனை நாள் அந்தப் பாரத்தைச் சுமந்து, சொல்லாமல் வழியனுப்பிவிட மனம் வராத நாசரையும் என்னால் வெறுக்க முடியவில்லை. எத்தனை டாங்கிகளை அழித்தார் என்ற கணக்கை விட இது முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பள்ளிப் பாடத்தில் வைக்கத் தகுந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அருணின் முன்னோர்களைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்குக் காரணம், அவர் அதிகாரி, அதிகாரியின் மகன். பாமகுஸ்தாவில் அவர் தனியாக இருக்கவில்லை. ஓட்டுநர் பிரயாக் சிங், பீரங்கி இயக்கிய நத்து சிங், வானொலிக் கருவியைப் பார்த்துக்கொண்ட நந்த் சிங் ஆகியோரும் இருந்தார்கள். நந்த் சிங்கும் அன்று அந்த டாங்கியிலேயே உயிரைவிட்டார். அவரைப் பெற்றவர்கள் யார், எத்தனை ஏக்கர் நிலம் வைத்திருந்தார்கள், செய்தி எப்படி வந்து சேர்ந்தது என்றெல்லாம் யாரும் விசாரித்து எழுதி நான் படித்ததில்லை. தங்கள் கட்டுரையில் அவர் பெயர்கூட இல்லை.

நமக்கும் அந்தக் களத்தில் பங்கு உண்டு. மதராஸ் ரெஜிமெண்டின் 16-வது பட்டாலியன் பசந்தரில் போரிட்டது. அதன் கட்டளை அதிகாரி லெப்டினன்ட் கர்னல் வேத் பிரகாஷ் காய் அங்கே வீழ்ந்தார். இறந்த பிறகு அவருக்கு, பரம்வீர் சக்ராவுக்கு அடுத்த விருதான மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. அவரோடு நின்ற தென்னாட்டுச் சிப்பாய்களை ரெஜிமெண்டில் ‘தம்பிகள்’ என்றுதான் அழைப்பார்கள். அந்த ரெஜிமெண்டின் தலைமை மையம் இருக்கும் வெலிங்டனுக்கு அருகில் வசிப்பவன் என்பதால் இதை உரிமையோடு கேட்கிறேன். அடுத்த வெற்றி நாளுக்கு இந்தத் தம்பிகளின் வீடுகளைத் தேடிப் போங்கள். அன்று இருபது வயதில் தாலியை இழந்த பெண்கள் இன்று எழுபதைக் கடந்திருப்பார்கள். இன்னும் தள்ளிப்போட்டால் கேட்டு எழுத ஆள் இருக்காது. ஒவ்வொரு மாவட்டத்திலும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. தங்கள் நிருபர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
குன்னூர்