கான்சாஸில் பார்க்க ஒன்றுமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் வந்த அமெரிக்கப் பயணக் கட்டுரையைப் படித்தேன். டென்வரிலிருந்து கிழக்கே காரில் வருகிறவர்கள் கான்சாஸ் மாநிலத்தை இரவோடு இரவாகக் கடந்துவிடுவது நல்லது, கோதுமை வயலைத் தவிர அங்கே ஒன்றுமில்லை என்று அதில் இருந்தது. நான் நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இப்போது அதே கான்சாஸில், ஹேஸ் நகரில் மகன் வீட்டில் தங்கியிருக்கிறேன். ஒரு நிலத்தில் ஒன்றுமில்லை என்று எழுதுவதற்கு முன் அதில் கால் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் துறையின் பாலபாடம். ஆகவே இந்தக் கடிதம்.

ஹேஸ் நகருக்கு வடமேற்கே கிரஹாம் கவுண்டி இருக்கிறது. நம் ஊர்த் தாலுகாவைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கவுண்டி முழுவதிலும் சேர்த்து மக்கள்தொகை சுமார் 2,400தான். அடிமை முறையை ஒழித்த உள்நாட்டுப் போரில், 1863ஆம் ஆண்டு சிக்கமாகா போர்க்களத்தில் உயிரிழந்த ஜான் கிரஹாம் என்ற கான்சாஸ் படைத்தலைவரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயருக்கு அர்த்தம் சேர்த்தவர்கள், பதினான்கு ஆண்டுகள் கழித்து கென்டக்கி மாநிலத்திலிருந்து அங்கே வந்து இறங்கிய கறுப்பின மக்கள். அவர்களில் பலர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். அவர்கள் அமைத்த ஊர் நிக்கோடிமஸ். உள்நாட்டுப் போருக்குப் பின் மிசிசிப்பி நதிக்கு மேற்கே கறுப்பின மக்கள் உருவாக்கிய குடியேற்றங்களில் இன்றைக்கும் ஆள் வாழும் மிகப் பழைய ஊர் அதுதான்.

1877 ஏப்ரலில் ஊரை அமைப்பதற்கான கம்பெனி தொடங்கப்பட்டது. உறுப்பினர்கள் ஏழு பேர். ஆறு பேர் கறுப்பினத்தவர், ஒருவர் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார நில வணிகர். அரசு நிலம் ஏராளமாகக் கிடக்கிறது, செப்டம்பர் 5ஆம் தேதி ஐந்து டாலர் கொடுத்தால் கான்சாஸ் போகலாம் என்று கென்டக்கியின் லெக்சிங்டன் நகரில் துண்டறிக்கை வெளியானது. 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி, 160 ஏக்கரில் ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பண்படுத்தினால் நிலம் சொந்தமாகிவிடும். சொந்த உடம்பின் மீதே உரிமை இல்லாமல் வளர்ந்தவர்களுக்கு 160 ஏக்கர் பட்டா என்றால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சுமார் 300 பேர் ரயிலில் எல்லிஸ் என்ற ஊர் வரை வந்து, அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வடக்கே நடந்தார்கள். மரமில்லாத, காற்று ஓயாத மேட்டுச் சமவெளி அது. வீடு கட்ட மரம் இல்லாததால் மண்ணைத் தோண்டி, பாதி குழியும் பாதி கூரையுமாக அமைத்துத் தங்கினார்கள். 1878 வசந்தத்தில் குடும்பத்தோடு வந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண்மணியின் நினைவுக்குறிப்பு இருக்கிறது. நிக்கோடிமஸ் எங்கே என்று அவர் கேட்கிறார். தரையிலிருந்து எழும் புகையைக் காட்டி அதுதான் ஊர் என்கிறார் கணவர். அதைக் கண்டு தான் அழத் தொடங்கிவிட்டதாக அந்தப் பெண்மணி எழுதியிருக்கிறார். வழியில் எல்லிஸில் தட்டம்மை கண்டு குழந்தைகளைப் பறிகொடுத்த குடும்பங்களோடு வந்தவர் அவர்.

துண்டறிக்கையில் படித்ததற்கும் கண்ணால் கண்டதற்கும் இருந்த தூரத்தைப் பார்த்து மக்களின் கோபம் ஹில் மீது திரும்பியது. சிலர் உடனே ஊர் திரும்பினார்கள். தங்கியவர்களிடம் ஏரும் இல்லை, உழவுக்கு விலங்கும் அனேகமாக இல்லை. மண்வெட்டியாலும் களைக்கொத்தாலும் புல்வெளியைக் கிளறினார்கள். முதல் குளிர்காலத்தில் வேட்டை முடிந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் இறைச்சி பகிர்ந்து கொடுத்ததால்தான் பிழைத்தோம் என்று அந்த வம்சத்தினர் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ஹில்லோ பக்கத்திலேயே தன் பெயரில் இன்னொரு ஊரை அமைத்தார். கவுண்டித் தலைநகர் இன்று அந்த ஹில் சிட்டிதான். இதைப் படித்தபோது எனக்கு மனம் ஆறவே இல்லை.

நில அளவர் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சமவெளி முழுவதும் ஆறு மைலுக்கு ஆறு மைல் கட்டங்களாக அளக்கப்பட்டது. ஒரு கட்டத்தில் 36 பிரிவுகள், பிரிவுக்கு 640 ஏக்கர், அதில் கால் பங்கு ஒரு குடும்பத்துக்கு. அளந்தது குண்டர் (Gunter) என்பவரின் பெயர் கொண்ட 66 அடி அளவைச் சங்கிலியால். மெட்ரிக் வருவதற்கு முன் நம் புலப்படங்களும் அதே சங்கிலியின் நூறில் ஒரு பங்கான லிங்க் கணக்கில்தான் இருந்தன. கட்டம் போட்டவர்களுக்கு மழை ஒரு பொருட்டாகவே இல்லை. ஈரமான கிழக்கு மாநிலங்களில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். இந்த மானாவாரி மேட்டில், வறட்சி வந்த ஆண்டுகளில் அது போதவே போதாது. அப்படியும் பத்து ஆண்டுகளுக்குள் கடைகள், ஹோட்டல், பள்ளி, தேவாலயங்கள், இரண்டு செய்தித்தாள்கள் என்று ஊர் நிமிர்ந்தது.

அந்த ஊரிலிருந்து எழுந்தவர் எட்வர்டு மெக்கேப். நிலத் தரகராகத் தொழில் தொடங்கி, கவுண்டியின் முதல் எழுத்தராகி, 1882இல் கான்சாஸ் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்தலில் வென்றார். 1884இல் மீண்டும் வென்றார். தென் மாநிலங்களுக்கு வெளியே மாநில அளவிலான பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர் அவர் என்கிறார்கள். பின்னாளில் ஓக்லஹோமா சென்று லாங்ஸ்டன் என்ற ஊர் உருவாகப் பாடுபட்டார். 1920இல் சிகாகோவில் வறுமையில் இறந்தார்.

ஊரை வீழ்த்தியது வறட்சி மட்டுமல்ல. 1887இல் ரயில் பாதை வரப்போகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். மிசௌரி பசிபிக் கம்பெனிக்கு 16,000 டாலர் கடன் பத்திரம் வழங்க டவுன்ஷிப் (கவுண்டியின் உட்பிரிவு) மக்கள் வாக்களித்தார்கள். குழிகளில் குடும்பம் நடத்திய தலைமுறை கொடுக்க முன்வந்த தொகை அது. அந்தக் கம்பெனி வரவில்லை. அடுத்த ஆண்டு யூனியன் பசிபிக் என்ற வேறொரு ரயில் கம்பெனி தன் பாதையை சாலமன் நதிக்குத் தெற்கே போட்டது. அங்கே போக் என்ற புதிய ஊர் முளைத்தது. நிக்கோடிமஸ் வணிகர்கள் ஒவ்வொருவராகக் கடையைக் கிளப்பிக்கொண்டு நதி தாண்டினார்கள். காகிதத்தில் ஒரு கோட்டைச் சில மைல் தள்ளிப் போடுகிறவர்கள் அந்த இடத்துக்கு ஒருமுறையாவது போய் நிற்க வேண்டும் என்று பணிக்காலம் முழுவதும் சொல்லி வந்தவன் நான். அதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

1930களின் புழுதிப் புயல்கள் மிச்சமிருந்தவர்களிலும் பலரை விரட்டின. 1953இல் அஞ்சலகமும் மூடப்பட்டது. ஆனால் ஊர் அழியவில்லை. 1976இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1996 நவம்பரில் தேசிய வரலாற்றுத் தலமாகி, தேசியப் பூங்காச் சேவையின் பொறுப்பில் வந்தது. அங்கே ஐந்து கட்டடங்கள்: செயின்ட் பிரான்சிஸ் ஹோட்டல், ஏ.எம்.இ. (ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல்) தேவாலயம், 1907இல் கட்டிய பாப்டிஸ்ட் தேவாலயம், 1918ஆம் ஆண்டுப் பள்ளி, பொருளாதார மந்தக் காலத்து வேலைவாய்ப்புத் திட்டத்தில் 1939இல் சுண்ணாம்புக் கல்லால் எழுப்பிய டவுன்ஷிப் ஹால். எதுவும் பிரம்மாண்டம் இல்லை. எங்கள் தெரு வீடுகளைவிடச் சற்றுப் பெரியவை, அவ்வளவுதான். ஹோட்டல் என்பதும் ஒரு குடும்பம் வாழ்ந்த வீடே. ஊரின் முதல் அஞ்சலகத்தைக் கவனித்த சாக்கரி பிளெட்சர் குடும்பம் நடத்தியது. அவர் மனைவி ஜென்னி ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஆசிரியை. இந்தச் சுவர்களை நின்று பார்த்தால் நயாகராவில் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது. நான் உறுதியாகச் சொல்வேன்.

அங்கே நிரந்தரமாக வாழ்கிறவர்கள் மிகச் சிலர். ஆனால் ஆண்டுதோறும் ஜூலை கடைசி வார இறுதியில், பல மாநிலங்களில் பரவிக் கிடக்கும் வம்சத்தினர் குடும்பம் குடும்பமாகத் திரும்பி வருகிறார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் 1834 ஆகஸ்ட் 1ஆம் தேதி அடிமைகள் விடுதலை பெற்றதை நினைத்து முன்னோர் தொடங்கிய விழாவின் தொடர்ச்சி அது.

கவுண்டியின் மேற்குப் பக்கம் பெனோக்கி அருகே, கற்களைத் தரையில் அடுக்கி வரைந்த மனித உருவம் ஒன்றும் இருக்கிறது. குடியேறிகளுக்கு முந்தைய பழங்குடி மக்களின் வேலை. வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் இடம்பெற்றது. தனியார் நிலத்தில் இருப்பதால் அனுமதி கேட்காமல் போகக் கூடாது.

உங்கள் வாசகர்களில் பிள்ளைகளைப் பார்க்க டென்வருக்கோ கான்சாஸ் சிட்டிக்கோ வருகிறவர்கள் பலர் உண்டு. அவர்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: 70ஆம் எண் நெடுஞ்சாலையில் வாகீனி என்ற இடத்தில் இறங்கி, 283ஆம் எண் சாலையில் வடக்கே ஹில் சிட்டி போய், 24ஆம் எண் சாலையில் கிழக்கே திரும்ப வேண்டும். ஊர் சாலையோரத்திலேயே இருக்கிறது. தண்ணீரும் சாப்பாடும் ஹில் சிட்டியிலேயே வாங்கிக்கொள்வது நல்லது. பகலில் போக வேண்டும். இரவில் கடந்தால் பெயர்ப் பலகைகூடத் தெரியாது.

அடுத்த ஞாயிறு இணைப்பில், கான்சாஸில் ஒன்றுமில்லை என்ற வரியைத் திருத்தி, நிக்கோடிமஸ் பற்றி அரைப் பக்கமாவது வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். எழுத ஆள் இல்லையென்றால் தகவல்களைத் திரட்டித் தர நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர்,
சங்கரன்கோவில்
(தற்போது ஹேஸ், கான்சாஸ்)