போட்டோ ஷூட்டுக்கு என்ன உடுத்துவது? திருப்பூரில் இருக்கும் அக்கா மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

சித்தி எழுதுகிறேன். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய துணிப் பட்டியலைப் படித்தேன். லெஹங்கா ஒன்று, பார்ட்டி கவுன் இரண்டு, பிளேசர், தோல் ஜாக்கெட், மூன்று ஜோடி ஹீல்ஸ், இன்னும் என்னென்னவோ. கூட்டிப் பார்த்தால் நாற்பதாயிரத்தைத் தாண்டுகிறது. சங்கிலியை அடகு வைக்கட்டுமா என்று அக்கா என்னிடம் கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோபப்படுவதற்கு முன் காரணத்தைக் கேள். மாடலிங்குக்கு வரும் மற்றப் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

விளம்பரப் படப்பிடிப்புகளில் உடைகளைத் தேய்ப்பதும், ஊக்குக் குத்துவதும், கழற்றியதை மடித்து வைப்பதும்தான் என் பிழைப்பு. அந்த மூலையில் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: புது மாடலின் முதல் படங்களில் உடை யார் கண்ணிலும் உறுத்தக் கூடாது. படத்தைப் புரட்டுகிறவர் உன் முகவெட்டு, கழுத்து, தோள், உயரம், நீ நிற்கும் விதம் ஆகியவற்றைத் தேடுகிறார். லெஹங்காவில் நின்றால் அவர் லெஹங்காவைப் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். நாளைக்கு ஜவுளிக்கடை விளம்பரமோ நகைக்கடை விளம்பரமோ கிடைத்தால் பட்டுப்புடவையை அவர்களே கொண்டுவருவார்கள், ரவிக்கைக்கும் அவர்களே அளவெடுப்பார்கள். அவர்கள் செலவை நீ ஏன் இன்றைக்கே தலையில் ஏற்றிக்கொள்கிறாய்?

மாடலிங் ஏஜென்சிகள் முதலில் கேட்பது 'டிஜிட்டல்ஸ்' எனப்படும் எளிய படங்களைத்தான். ஒப்பனை கிடையாது. முடியைப் பின்னால் இழுத்துக் கட்டி, வெறும் சுவரின் முன் பகல் வெளிச்சத்தில் நிற்க வேண்டும். முன்புறம், பக்கவாட்டு, பின்புறம், முகம் மட்டும், அவ்வளவுதான். அதற்கு உடலோடு ஒட்டிய கறுப்பு அல்லது வெள்ளை டி-ஷர்ட், ஜீன்ஸ், ஒரு ஜோடி கறுப்பு ஹீல்ஸ் போதும். கைப்பேசியிலேயே எடுக்கலாம். இதில் பாதி உன் அலமாரியில் ஏற்கெனவே இருக்கிறது.

இது பணமில்லாதவர்களுக்குச் சொல்லும் ஆறுதல் என்று நினைக்காதே. அமெரிக்க ஃபேஷன் பத்திரிகையான 'வோக்' 1992 ஏப்ரலில் தன் நூற்றாண்டு இதழை வெளியிட்டபோது, அன்றைய உச்ச மாடல்கள் பத்துப் பேரை அட்டையில் நிறுத்தியது. பத்துப் பேரும் உடுத்தியிருந்தது வெள்ளைச் சட்டை, வெள்ளை ஜீன்ஸ். அதுவும் சாதாரண மக்கள் வாங்கும் 'கேப்' கடைத் துணி. அதற்கு முன்பு, 1988 நவம்பரில், அதன் ஆசிரியராக அப்போது புதிதாக வந்த ஆனா விண்டூரின் முதல் அட்டைப்படத்தில் மாடல் அணிந்திருந்தது பத்தாயிரம் டாலர் ஜாக்கெட்டும் ஐம்பது டாலர் ஜீன்ஸும். அந்த ஜாக்கெட்டுக்கு ஜோடியாக வந்த பாவாடை மாடலுக்குப் பொருந்தாததால்தான் ஜீன்ஸைப் போட்டதாக விண்டூரே பின்னாளில் சொன்னார். விலையுயர்ந்த பாவாடையைவிடப் பொருந்திய ஜீன்ஸ் மேல் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்திருக்கிறார்கள்.

சரி, எங்கே வாங்குவது? திருப்பூரில் இருந்துகொண்டு ஆன்லைனில் டி-ஷர்ட் தேடும் ஒரே ஆள் நீதான். காதர்பேட்டைக்குப் போ. ஏற்றுமதியில் மிஞ்சியதும், சிறு குறையால் கழிக்கப்பட்டதும் அங்கே குவிந்து கிடக்கும். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். உனக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை, உன் அப்பா பனியன் கம்பெனியில்தானே இருக்கிறார். 180 ஜிஎஸ்எம் துணி உடம்பில் அமைதியாக நிற்கும். 140க்குக் கீழே போனால் ஸ்டூடியோ வெளிச்சத்தில் உள்ளாடையின் விளிம்புவரை தெரியும். சந்தேகம் இருந்தால் கடையிலேயே சட்டைக்குள் கையை விட்டு, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார். விரல்களை எண்ண முடிந்தால் வைத்துவிட்டு வா.

கழிபட்ட துணி என்று கூச்சப்படாதே. வாங்கும்போது குறை எங்கே இருக்கிறது என்று மட்டும் பார். கீழ்விளிம்பில் எண்ணெய்க் கறை, ஓரத்தில் தையல் பிசகு, உள்பக்கம் ஊசி ஓட்டை எல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். இடுப்புவரை எடுக்கும் படத்தில் அவை எங்கே தெரியப்போகின்றன? கழுத்துப்பட்டி தளர்ந்திருப்பதும், இரண்டு கைகளும் இரண்டு சாயலில் இருப்பதும்தான் ஆகாது. ஈரோடு கனி மார்க்கெட்டில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய்க்கிழமைவரை நடக்கும் ஜவுளிச் சந்தை உனக்கு ஒரு பஸ் பயணத்தில் எட்டும். சென்னைக்கு வரும்போது வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கு நான் கூட்டிப் போகிறேன். கவரிங் நகைக்குச் சௌகார்பேட்டை. தி.நகரில் கூட்டத்தில் நசுங்குவது எனக்குப் பிடிக்காது, அங்கே உன் தோழிகளோடு போய்க்கொள்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கடைக்காரர் உன்னைப் பார்த்ததும், "உங்க நிறத்துக்கு இது எடுக்காதும்மா" என்று சொல்லி, சாயம்போன ரோஸ் நிறத்தை எடுத்து விரிப்பார். கேட்காதே. நம் கறுப்புத் தோலுக்கு மாம்பழ மஞ்சளும், அரக்கும், மயில் கழுத்து நீலமும் எடுப்பது போல வேறு யாருக்கும் எடுப்பதில்லை. உன் தோலை ஒட்டிய மங்கிய பழுப்புதான் உன்னைப் படத்தில் அமுக்கிவிடும். பளீரென்ற ஃப்ளோரசன்ட் பச்சை, ஆரஞ்சு வகைகள் யாருக்குமே வேண்டாம். துணியில் பட்ட வெளிச்சம் தாடையின் அடியில் அதே நிறத்தில் எதிரொளிக்கும், அதைக் கணினியில் துடைத்தெடுக்கிறவர் உன்னைத் திட்டிக்கொண்டே துடைப்பார். கறுப்பு நல்லதுதான். ஆனால் கறுப்பில் மடிப்பும் தையல் நுணுக்கமும் மறைந்துபோகும், தூசியும் முடியும் மட்டும் தப்பாமல் தெரியும். வெள்ளையில் கண்ணைப் பறிக்கும் வெள்ளையைத் தவிர்த்துச் சற்றே பழுத்த சந்தன வெள்ளையை எடு. அக்காவிடம் சொல்லிவை: ஷூட்டுக்கான சட்டைக்குச் சொட்டு நீலம் போடவே வேண்டாம். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிவது கேமராவில் நீலமாக வந்து நிற்கும்.

பொடிக்கட்டமும் நெருங்கிய மெல்லிய கோடுகளும் கேமராவுக்கு ஆகாது. கேமராவின் உள்ளே இருக்கும் சென்சாரும் ஒரு நுண்ணிய கட்டம்தான். அந்தக் கட்டமும் துணியின் கோடும் ஒன்றோடொன்று மோதும்போது, துணியில் இல்லாத நெளிவுகள் வானவில் நிறத்தில் படத்தில் ஓடும். அகலக் கட்டத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. காரைக்குடிக் கண்டாங்கி படத்தில் கம்பீரமாக இருப்பதைப் பார்த்திருப்பாயே. மலிவான பாலியெஸ்டர் சாட்டினையும் தொடாதே. அதன் பளபளப்பு ஃப்ளாஷில் திட்டுத்திட்டாக வெளுத்து, விலையைக் காட்டிக்கொடுத்துவிடும். அதே விலையில் ரேயான் வாங்கினால் நன்றாக விழும். ஆனால் அது சுருங்கும் துணி, ஒருமுறை நனைத்துக் காயவைத்த பிறகே தையற்காரரிடம் கொடு.

மிச்சம் பிடித்த பணத்தை அந்தத் தையற்காரரிடம் செலவு செய். முந்நூறு ரூபாய்ச் சட்டையைப் பக்கவாட்டில் பிடித்து, தோளை ஏற்றி, கை நீளத்தைக் குறைத்தால் மூவாயிரம் ரூபாய்ச் சட்டையாகிவிடும். தோள் தையல் தோள் எலும்பின் நுனியில் உட்கார வேண்டும், பேன்ட் விளிம்பு செருப்பின் மேல் குவியக் கூடாது. முதலில் இந்த இரண்டையும் சரிசெய். பெரிய அளவுதான் கிடைத்தது என்றால் படப்பிடிப்பில் முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்கிவிடுவோம். பத்திரிகைகளில் நீ பார்த்து வியக்கும் கச்சிதமான இடுப்புகளில் பலவற்றின் பின்னால் நாலைந்து கிளிப்புகள் இருக்கின்றன. வீடியோவுக்கு மட்டும் இந்த வேலை செல்லாது, நடந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

புடவைப் படம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும், சென்னையில் வேலை பெரும்பாலும் அதில்தான் வரும். புதுப்புடவை வாங்காதே. அக்காவின் கல்யாணக் காஞ்சிப்பட்டு இத்தனை ஆண்டுகளில் விறைப்பு நீங்கிக் குழைந்திருக்கும், புதுப்பட்டைவிட அது உடம்பில் அழகாகப் படியும். பருத்தியில் வேண்டுமென்றால் ஒரு சுங்குடி போதும். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளியை ஒட்டி முப்பது சதவீதத் தள்ளுபடி இருக்கும், அதுவரை பொறு. ரவிக்கையை மட்டும் பழையதைப் போட்டுக்கொள்ளாமல் புதிதாகத் தைத்துக்கொள். அக்கா ரவிக்கையைப் பிடித்துத் தைத்தால் கைக்குழியில் சுருக்கம் விழும். நாடா கட்டும் உள்பாவாடைக்குப் பதிலாக, உடலோடு ஒட்டும் ஹோசியரிப் பாவாடை உன் ஊரிலேயே கிடைக்கிறது. இடுப்பில் முடிச்சு துருத்தாது, முன்மடிப்பு நேராக இறங்கும்.

நிஜமாகவே நல்ல விலை கொடுத்து வாங்க வேண்டியது யாருக்கும் தெரியாத பொருள்தான்: உன் தோல் நிறத்திலேயே தையல் விளிம்பில்லாத உள்ளாடை இரண்டு செட், தோள்பட்டி இல்லாத பிரா ஒன்று. கடையில் 'ஸ்கின் கலர்' என்று எடுத்துக் காட்டுவது வடநாட்டு வெளுப்புக்கானது, உனக்கு அடர்ந்த பழுப்பு வேண்டும். வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளை பிரா பளிச்சென்று தெரியும், தோல் நிறம்தான் மறையும். ஷூட் நாளன்று காலையில் இறுக்கமான எதையும் போடாதே, எலாஸ்டிக் பதிந்த தடம் தோலில் சீக்கிரம் மறையாது. முன்பக்கம் பட்டன் வைத்த தளர்ந்த சட்டையோடு வா. ஒப்பனை முடிந்தபின் தலைவழியே டி-ஷர்ட்டைக் கழற்றி, பவுண்டேஷனை அதிலேயே துடைத்துவிட்டு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. பையில் ஊக்கு, இருபக்கமும் ஒட்டும் டேப், தூசி எடுக்க அகலமான செலோ டேப், வியர்வைக்கு ஒரு துண்டு, நடமாட ஒரு ரப்பர் செருப்பு. துணியை மடித்துக் கொண்டுவராதே, ஹேங்கரிலேயே கொண்டுவா.

லெஹங்கா ஆசை விடவில்லை என்றால் வாடகைக்கு எடு. அதைவிட நல்ல வழி உன் ஊரிலேயே இருக்கிறது. நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தாங்கள் தைத்த உடைகளைப் போட்டுக் காட்ட மாடல் வேண்டும். போய்ப் பேசிப் பார். அவர்கள் உடை, உன் உடம்பு, படம் இருவருக்கும். சென்னைத் தரமணியில் இருக்கும் நிஃப்ட் ஃபேஷன் கல்லூரியிலும் இப்படிக் கேட்கலாம். புதிதாகக் கடை தொடங்கியவர்களிடமும் இரவல் கேட்கலாம். வாங்கியதைப் பொறுப்பாகத் திருப்பிக் கொடு, இரவல் செருப்பின் அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு நில். ஆனால் பெரிய கடையில் வாங்கி, விலைச்சீட்டை உள்ளே மறைத்துப் படம் எடுத்துவிட்டு, மறுநாள் திருப்பிக் கொடுக்கும் தந்திரத்தை யாராவது சொல்லிக் கொடுத்தால் ஒதுங்கிக்கொள். கழுத்தில் பவுண்டேஷன் ஒட்டிய துணிக்குக் கவுன்டரில் நிற்கும் பெண்தான் மேலதிகாரியிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒன்று. படம் எடுக்கவும், உடை தரவும், வாய்ப்பு வாங்கித் தரவும் ஒரே ஆள் மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னால் கட்டாதே. மாடலுக்குச் சம்பளம் வாங்கித் தந்து அதில் கமிஷன் எடுப்பதுதான் ஏஜென்சியின் தொழில். எந்த ஷூட்டானாலும் என்னென்ன உடை, அதில் உடம்பு எந்த அளவுவரை தெரியும், மாற்றிக்கொள்ளத் தனியறை உண்டா என்பதையெல்லாம் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள். அங்கே போனபின் பேசாத உடையை நீட்டினால், "இதைப் பற்றி நாம் பேசவில்லையே சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள். துணைக்கு உன் அம்மாவோ தோழியோ வரக்கூடாது என்று சொல்லும் இடத்துக்குப் போகவே வேண்டாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டையில் கறுப்பு ஒன்றும் சந்தன வெள்ளை ஒன்றுமாக டி-ஷர்ட் வாங்கு. போட்டுக்கொண்டு வாசலில் நின்று, காலை வெயில் ஏறுவதற்கு முன் முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் மூன்றையும் தம்பியை எடுக்கச் சொல்லி எனக்கு அனுப்பு. ஃபில்டர் வேண்டாம். எங்கே பிடிக்க வேண்டும் என்று குறித்து அனுப்புகிறேன், அதைத் தையற்காரரிடம் காட்டு.

அன்புடன்,
சித்தி