பென்சில் வகுத்த இனம்

ஆசிரியருக்கு,

இனம் ரத்தத்திலேயே ஊறியது என்பவர்கள் தென்னாப்பிரிக்காவைப் பார்க்கட்டும். அங்கே நிறவெறி அரசின் 1950 மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் இனத்தில் அடைத்தது. சந்தேகம் வந்தால் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகுவார்கள். நழுவி விழுந்தால் வெள்ளையர், சிக்கி நின்றால் இல்லை. கூடப்பிறந்தவர்கள்கூட வேறுவேறு இனமானார்கள்!

நிறவெறியை எதிர்த்த போராளி ஸ்டீவ் பிகோவின் மாணவர் அமைப்பு இதையே திருப்பிப் போட்டது: ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தவர் எல்லோரும் ‘கறுப்பர்’. ஒடுக்கப்படுவதே அளவுகோல், தோல் நிறமல்ல. 1983 அரசமைப்பு நாடாளுமன்றத்தில் வெள்ளையருக்கு 178, கலப்பினத்தவருக்கு 85, இந்தியருக்கு 45 இடம் என்று பங்கு வைத்து அந்த ஒற்றுமையை உடைக்கப் பார்த்தது; ஆப்பிரிக்கருக்குப் பூஜ்யம். அதன்படி நடந்த 1984 தேர்தலில் இந்திய வாக்காளர்களில் (தமிழ் வம்சாவளியினரும் கணிசம்) பெரும்பாலோர் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை.

– வாசகர், மதுரை