பதுங்குகுழியில் யாரும் ‘மடிந்தான்’ என்று சொல்லவில்லை

முதல் உலகப்போர்க் கதைகளையும் கடிதங்களையும் தமிழுக்குக் கொண்டுவரும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் படித்த ஒரு மொழிபெயர்ப்பில், காலில் குண்டு பாய்ந்த ஆங்கிலேயச் சிப்பாய் “எனக்குத் தாயகக் காயம் கிட்டிவிட்டது” என்று மகிழ்கிறான். புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

அவன் சொன்ன சொல் ‘பிளைட்டி’. நம் பக்கத்து ‘விலாயத்தி’தான் அது. இந்துஸ்தானியில் அயல்நாட்டுச் சரக்கைக் குறித்த சொல். இந்தியாவில் இருந்த வெள்ளைச் சிப்பாய்களின் வாயில் தேய்ந்து, கடைசியில் அவர்களுடைய சொந்த ஊருக்கே பெயராகிவிட்டது. உயிரும் போகாமல், கப்பலேற்றி ஊருக்கு அனுப்பும் அளவுக்குப் படுகிற காயத்துக்கும் அதே பெயர். எதிர்க்குழியில் இருந்த ஜெர்மானியனும் இதே காயத்தை ‘ஹைமாட்ஷுஸ்’ என்று சொல்லி ஏங்கிக்கொண்டுதான் இருந்தான். நமக்குச் ‘சீமை’ இருக்கிறதே! சீமை ஓடு, சீமையெண்ணெய், சீமைச்சரக்கு என்று புழங்கிய வாய்தானே நம்முடையது? “சீமைக்கு டிக்கெட் கிடைச்சிருச்சுடா” என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கட்டும்.

அடுத்தது ‘நாப்பூ’. ‘இனி இல்லை’ என்னும் பிரெஞ்சுத் தொடர் ‘இல் நியா ப்ளூ’ சிதைந்து வந்தது. ரொட்டி தீர்ந்தாலும் நாப்பூ, கூட்டாளி செத்தாலும் நாப்பூ. இதற்கு அகராதி எதற்கு? “ரம் காலி. நேத்து பக்கத்துல நின்னவனும் காலி.” இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுகிற குரூரம்தான் அங்கே முக்கியம். ‘மடிந்தான்’ என்று எழுதினால் அவன் யுத்த காண்டத்துக்குப் போய்விடுகிறான்.

பெல்ஜியத்தின் ஈப்ர் நகரை அவர்கள் ‘வைப்பர்ஸ்’ என்றார்கள். திருவல்லிக்கேணியை டிரிப்ளிக்கேன் ஆக்கிய அதே நாக்குதான். 1916-இல், இடிந்துகிடந்த அந்த ஊரில் ஓர் அச்சு இயந்திரம் கிடைக்க, சிப்பாய்கள் நடத்திய கேலிப் பத்திரிகையின் தலைப்பிலும் ‘வைப்பர்ஸ்’தான் இருந்தது. தயவுசெய்து அதைத் திருத்தி ‘ஈப்ர்’ என்று போடாதீர்கள்.

‘விஸ்-பேங்’ என்ற குண்டை ‘அதிவேக எறிகணை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். 77 மில்லிமீட்டர் ஜெர்மன் பீரங்கியின் குண்டு அது. சீறலும் வெடிப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே காதில் விழும், குனிய நேரம் கிடைக்காது. விர்-டமார் என்றால் போதாதா? பேன்களுக்கு ‘சாட்’ என்று பெயர். சட்டைத் தையலில் ஒளிந்திருப்பதை மெழுகுவர்த்திச் சுடரில் பொசுக்குவார்கள். ‘ஒட்டுண்ணிகள்’ என்று எழுதும்போது அரிப்பே வரவில்லை. சீலைப்பேன் என்று எழுதிப் பாருங்கள். (அரட்டையைக் குறிக்கும் ‘சாட்’ இந்தப் பேனிலிருந்து பிறந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அந்தச் சொல் போருக்கு வெகுகாலம் முந்தியது. அடிக்குறிப்பில் அதைச் சேர்த்துவிடாதீர்கள்.)

எல்லாவற்றையும் இப்படி மாற்றிவிட முடியாது என்பதும் தெரியும். கரும்புகை கக்கும் கனரகக் குண்டுக்கு ‘ஜாக் ஜான்சன்’ என்று பெயர் வைத்தார்கள். 1908 முதல் 1915 வரை உலகக் குத்துச்சண்டைப் பட்டத்தை வைத்திருந்த கறுப்பின வீரர் அவர். அதில் வியப்பும் இருக்கிறது, நிறவெறியும் இருக்கிறது. அந்தப் பெயரை அப்படியே விட்டு, கீழே ஒரு குறிப்புக் கொடுங்கள்.

கொச்சை எழுதினால் தமிழ் கெட்டுவிடும் என்று உங்களில் சிலர் அஞ்சுவதைக் கேட்டிருக்கிறேன். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போனது. நம் ஆட்கள் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு, கில்லாடிகளையெல்லாம் எம்டன் என்று அழைத்தார்கள். என் பாட்டி பக்கத்து வீட்டுக்காரியை அப்படித்தான் சொல்வார். வைப்பர்ஸ்காரன் செய்ததும் இதைத்தானே?

அடுத்த பதிப்பில் அந்தத் ‘தாயகக் காயத்தை’ மட்டுமாவது மாற்றுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நூல்களைக் காசு கொடுத்து வாங்கும் ஒரு வாசகன்